புகை குறைந்த அடுப்பு: அமைப்பும் சோதனையும்

பெங்களூரில் தமிழ் மக்கள் பலர் வாழும் அல்சூருக்குச் சில கிலோமீட்டர் வடமேற்கே இந்திய விஞ்ஞானக் கழகம் உள்ளது. கிராமத் தேவைகளுக்கு விஞ்ஞானத்தைப் பயன்படுத்தும் நோக்குடன் 1974-இல் அங்கு ‘அஸ்த்ரா’ என்னும் பிரிவு, ஏ. கே. என். ரெட்டி அவர்களின் முயற்சியால் தோன்றியது. துமகூர் மாவட்டத்துப் புரா கிராமத்தை அப்பிரிவினர் ஆராய்ந்தபோது, அங்குச் செலவான எரிசக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு விறகிலிருந்தே கிடைப்பதையும், அதில் பெரும்பகுதி சமையலுக்கே செல்வதையும் கண்டனர். இவ்வாராய்ச்சிகளின் தொடர்ச்சியாக 1980-களின் தொடக்கத்தில், மூன்று பாத்திரங்களை ஏற்கும் ‘அஸ்த்ரா ஒலெ’ உருவாயிற்று. ‘ஒலெ’ என்பது அடுப்பைக் குறிக்கும் கன்னடச் சொல்.

விறகு மிச்சமாவது மட்டும் இங்கு நோக்கமன்று. வீட்டினுள் சூழும் புகையால் 2020-இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

எரிதலும் வெப்பம் ஏறுதலும்

அடுப்பில் இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. முதலாவது, விறகு முற்றிலும் எரிவது. இரண்டாவது, எழுந்த வெப்பம் பாத்திரத்தை அடைவது. விறகு சூடேறியதும் அதிலிருந்து வாயுக்கள் வெளிப்படுகின்றன. போதிய சூடும் காற்றும் இருப்பின் அவை சுவாலையாக எரியும். இல்லையேல் புகையாக வெளியேறும்.

இவ்விரு செயல்களும் சில வேளைகளில் ஒன்றற்கொன்று முரண்படும். பாத்திரத்திற்கும் அடுப்பு வாய்க்கும் உள்ள இடைவெளியைக் குறைத்தால் பாத்திரம் அதிக வெப்பம் பெறும். அளவுக்கு மீறிக் குறைத்தாலோ காற்றோட்டம் தடைப்பட்டுச் சுவாலை குளிரும். புகையும் நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடும் பெருகும். ஆகவே விறகை மிச்சப்படுத்தும் அடுப்பெல்லாம் நல்ல அடுப்பு ஆகிவிடாது.

அமைப்பு

விறகின்கீழ் இரும்புச் சல்லடைத் தட்டு இருந்தால் காற்று கீழிருந்து ஏறும். சாம்பல் கீழே உதிரும். விறகின்மேல் எழும் வாயுக்கள் எரியச் சிறிதளவு காற்று மேற்புறமும் வேண்டும். விறகிடும் வாய் மிகப் பெரிதானால் வேண்டாத குளிர்காற்று புகுந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். புகைபோக்கி காற்றை இழுக்கிறது. அதன் இழுப்பு மிகுந்தால் வெப்பமும் உடன் போய்விடும். தடித்த மண்சுவர் முதலில் தானே வெப்பத்தை உறிஞ்சுவதால், சிறு சமையலுக்கு அது நட்டமே.

சோதனை

பயிற்சி முகாமில் ஒவ்வொரு குழுவும் தான் கட்டிய அடுப்பைத் தானே சோதித்தல் நன்று. ஈர மண் வெப்பத்தைப் பறிக்குமாதலால், அடுப்பு நன்கு உலர்ந்த பின்னரே சோதனை தொடங்க வேண்டும். தராசும் வெப்பமானியும் கடிகாரமும் போதும்.

எடுத்துக்காட்டாக, 25 டிகிரி வெப்பநிலையிலுள்ள 5 கிலோ நீரை மூடியின்றிக் கொதிக்க வைப்பதாகக் கொள்வோம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். நீர் சூடேற 5 × 72 = 360 கிலோகலோரி செலவாகும். அரைக்கிலோ ஆவியானால் 0.5 × 540 = 270 கிலோகலோரி. பயன்பட்ட வெப்பம் 630.

எரிந்த விறகு 700 கிராம் எனில், கிலோவுக்கு 4,000 வீதம் 2,800 கிலோகலோரி. எஞ்சிய கரி 40 கிராம். கிலோவுக்கு 7,000 வீதம் 280-ஐக் கழிக்க, 2,520. ஆகவே திறன் 630 ÷ 2,520, அதாவது 25 சதவீதம். ஒரே வகை விறகையும் ஒரே பாத்திரத்தையும் கொண்டு, காற்று வீசாத இடத்தில் மும்முறை செய்து சராசரி காண்க.

விசிறியற்ற அடுப்புகளுக்கு இந்தியத் தரநிலை 13152 (2013) விதிக்கும் குறைந்தபட்சத் திறனும் 25 சதவீதமே. அதன் செய்முறை சற்று வேறாகையால், இக்கணக்கு அடுப்புகளைத் தமக்குள் ஒப்பிட மட்டுமே உதவும்.

சமையலறையே முடிவான களம்

1980-களில் தொடங்கி 2002-இல் முடிவுற்ற தேசிய அடுப்புத் திட்டத்தின்கீழ் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. எனினும் அவற்றுள் பல நெடுநாள் பயன்படவில்லை. அளவு பிசகிய கட்டுமானமும், விரிசலும், அடைபட்ட புகைபோக்கியும், பழுது பார்ப்போர் இன்மையும் காரணங்களாம். வீட்டுப் பாத்திரம் பொருந்தாவிடினும், பெரிய விறகைப் பிளந்தே இட நேரிடினும் பெண்கள் பழைய அடுப்பையே நாடுவர். எனவே அடுப்பு அமைத்த ஊழியர் சில வாரங்கள் கழித்து அவ்வீட்டிற்குச் சென்று, ஒரு நாள் சமையலுக்கு ஆகும் விறகை நிறுத்தறிதல் வேண்டும். சமைப்பவர் சொல்லும் குறையைக் கேட்டு, அடுத்த அடுப்பைத் திருத்துதல் வேண்டும்.

பயிற்சி

1. ஈர விறகையும் உலர்ந்த விறகையும் கொண்டு இச்சோதனையைச் செய்து ஒப்பிடுக. ஒரு கிலோ ஈரம் ஆவியாக ஏறத்தாழ 600 கிலோகலோரி வீணாவதை நினைவிற் கொள்க.

2. பாத்திர இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, திறன் உயர்வதையும் புகை மிகத் தொடங்கும் நிலையையும் குறித்து வருக. அடுப்பின் சரியான அளவு அந்நிலைக்குச் சற்று முன்னே உள்ளது.