டபுள் ஸ்பீடில் கேசட் ஏற்றலாமா?

பரணில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கேசட். பாட்டியின் தாலாட்டு, வளைகுடாவுக்குப் போன சித்தப்பா பேசி அனுப்பிய கேசட் கடிதம், கோயில் கொடை வில்லுப்பாட்டு. நூறு சி-90 (90 நிமிடக் கேசட்) இருந்தால் 150 மணி நேரம் ஓட்டியாக வேண்டும். அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? "டபுள் ஸ்பீடில் ஓட்டி கம்ப்யூட்டரில் ஏற்று, அப்புறம் பாதி வேகத்துக்கு இறக்கிக்கொள்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு.

நம்பிக்கை: மெதுவாக்கியதும் அசல் ஒலி அப்படியே திரும்பிவிடும்.

சுருதியும் வேகமும் திரும்பும். மற்றதெல்லாம் எப்படி ஏற்றினோம் என்பதைப் பொறுத்தது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. நகர வேண்டும். அதை இரு மடங்காக்கினால், 12,000 ஹெர்ட்ஸில் இருக்கும் ஜால்ராவின் கிணுகிணுப்பு 24,000 ஹெர்ட்ஸாக வெளிவரும். வழக்கமான 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 22,050-க்கு மேல் எதுவும் ஏறாது. ஏறாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மெதுவாக்கிக் கேட்டால் 11,000-க்கு மேல் வெறும் மௌனம்.

96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, ஆடாசிட்டி மென்பொருளில் அந்த டிராக்கின் ரேட்டை 48,000 என்று மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும். 'டெம்போ' பக்கம் மட்டும் போகாதீர்கள். அது நேரத்தை நீட்டும், சுருதியை இறக்காது. சித்தப்பா கீச்சுக்குரலில் நிதானமாகப் பேசுவார்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் கேசட் டெக் இருக்கிறதே, அதுதான் பெரிய தொல்லை. சாதாரண ஃபெரிக் நாடாவுக்கு 120 மைக்ரோவிநாடி என்ற கணக்கில் பாஸையும் டிரெபிளையும் டெக் சரிக்கட்டுகிறது. அந்தக் கணக்கு இயல்பான வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். இரட்டை வேகத்தில் அது ஓர் ஆக்டேவ் தள்ளிப் போய்விடும். மெதுவாக்கிய பின் டிரெபிள் தூக்கலாகக் கேட்கும். ஈக்வலைசரில் ஓரளவு சரிசெய்யலாம். டால்பி இரைச்சல் குறைப்பு போட்டுப் பதிந்த கேசட் என்றால் டெக்கில் டால்பியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தவறான அதிர்வெண்ணில் வேலை செய்து ஒலியைக் குதறிவிடும்.

என் தீர்ப்பு: வெறும் பேச்சு என்றால் இரட்டை வேகம் பரவாயில்லை. பாட்டு என்றால் வேண்டாம்.

நம்பிக்கை: கேசட் கம்பெனிகளே அதிவேகத்தில்தான் நகலெடுத்தன.

எடுத்தன, 64 மடங்கு வேகத்தில்கூட. ஆனால் அந்த இயந்திரங்களின் ஹெட்டும் ஆம்ப்ளிஃபையரும் அந்த வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை. நம் வீட்டு டெக் அப்படியல்ல.

நம்பிக்கை: நேரத்தை மிச்சம்பிடிக்க வேகம்தான் ஒரே வழி.

இல்லை. ஒரு ஸ்டீரியோ கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு என நான்கு தடங்கள் அருகருகே கிடக்கின்றன. 1979-இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ வகை நான்கு தட ரெக்கார்டர்கள் நான்கையும் ஒரே நேரத்தில் படிக்கும். பி பக்கம் தலைகீழாக வரும். மென்பொருளில் 'ரிவர்ஸ்' கொடுத்தால் முடிந்தது. பாதி நேரம் மிச்சம், ஒலியில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் முதலில் வந்த மாடல் இரட்டை வேகத்தில் மட்டுமே ஓடும். சாதாரண வேகமும் உள்ள பிந்தைய மாடலைத் தேடுங்கள். அதிலுள்ள டிபிஎக்ஸ் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். அந்த ரெக்கார்டர் கிடைக்கவில்லையா? இரண்டு டெக்குகளை ஒரு நான்கு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸில் மாட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நூற்றைம்பது மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நம்பிக்கை: மங்கலாகக் கேட்கும் கேசட் செத்துப்போனது.

பல நேரம் நாடா நன்றாகவே இருக்கும். ஹெட் லேசாகச் சாய்ந்திருக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டிய சிறு திருகு இருக்கும். ஒலியை மோனோவாக்கி, சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள். பேச்சில் 'ஸ'வும் 'ச'வும் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த கேசட்டை வேறொரு டேப்ரெக்கார்டர் பதிந்திருக்கும். அதற்கு மறுபடி திருப்ப வேண்டும்.