டிக்கட்டில் உள்ள நேரம் பயண நேரமல்ல

வியாபார நண்பர்களே, 2004ஆம் ஆண்டு நான் படித்த ஒரு பாடத்தை இவ்வாரம் சொல்கிறேன்.

துணி எடுக்க சென்னைக்குப் புறப்பட்டேன். டிக்கட்டில் கட்டுநாயக்கவில் காலை 9.00, சென்னையில் 9.50 என்றிருந்தது. "ஐம்பது நிமிடம்தானே!" என்று சௌகார்பேட்டை மொத்த வியாபாரியிடம் 11 மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். போய்ச் சேரும்போது 12.30. எனக்கென வைத்திருந்த சரக்கை வேறொருவர் எடுத்துப் போய்விட்டார். அந்தப் பெருநாள் வியாபாரம் எனக்குப் பாதியாகிப் போனது. அவரில் குற்றமில்லை, கணக்குத் தெரியாதது என் குற்றம்.

டிக்கட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது. இறங்கும் நேரம் இறங்கும் ஊருடையது. அக்காலத்தில் நமது கடிகாரம் இந்தியாவை விட அரை மணி முன்னால் இருந்தது. ஆகவே பயணம் உண்மையில் 1 மணி 20 நிமிடம். 2006 ஏப்ரல் 15 முதல் இரு நாட்டு நேரமும் ஒன்றுதான். ஆனால் டுபாய் நம்மை விட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். இரவு 10 மணிக்கு ஏறி நாலரை மணித்தியாலம் பறந்தால் அங்கே 1 மணிதான். திரும்பி வரும்போது அந்த ஒன்றரை மணித்தியாலத்தை நாம் இழக்கிறோம்.

அடுத்தது தூரம். கட்டுநாயக்கவிலிருந்து சென்னை வான்வழியே சுமார் 645 கிலோமீற்றர், திருச்சி சுமார் 415. தூரம் மூன்றிலொரு பங்கு குறைந்தாலும் நேரம் அந்தளவு குறையாது. திருச்சிக்கும் ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலேறுவதும், இறங்குவதும் எந்த ஊருக்கும் ஏறத்தாழ ஒன்றுதானே!

இனி வத்தேகமக்காரர் கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து கண்டி, கடுகண்ணாவை, கேகாலை வழியாகக் கட்டுநாயக்க போக மூன்றரை மணித்தியாலம். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே அங்கு நிற்க வேண்டும். பறப்பது 1 மணி 20 நிமிடம். குடிவரவு, பெட்டி, சுங்கம் ஒரு மணித்தியாலம். நகருக்குள் போக இன்னொன்று. மொத்தம் பத்து மணித்தியாலம் அளவில் வருகிறது. அதில் ஆகாயத்தில் இருப்பது ஏழில் ஒரு பங்குதான்! நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் தரைப் பயணம், 645 கிலோமீற்றர் வான் பயணத்தை விட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் தின்கிறது.

ஆகவே மூன்று விடயங்களைக் கடைப்பிடியுங்கள். கடை வாசலிலிருந்து கடை வாசல் வரை கணக்கெடுங்கள். இறங்கும் நாளில் யாருக்கும் நேரம் கொடுக்காதீர்கள். மறுநாள் காலையில் சந்தியுங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் கடை மூடும் நட்டத்தையும் சரக்கின் விலையில் சேருங்கள். அப்படிச் சேர்த்தும் இலாபம் நின்றால் டிக்கட் எடுங்கள்.