டிஸ்க் போகவில்லை, டிரைவர்தான் வரவில்லை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த கணித டியூஷன் டீச்சர் ஒருவர் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டிற்கு வந்தார். 2021-ல் வாங்கியதாம். திரை நீலமாகி நின்றுவிடவே ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். விண்டோஸை மறுபடி போட முயன்ற பையன், "டிஸ்க்கே தெரியவில்லை, அது போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்று கையை விரித்துவிட்டானாம்.

"பணம் போனால் போகிறது அண்ணா. அவர் எடுத்த படங்கள் எல்லாம் டி டிரைவில்தான் இருக்கின்றன" என்றார். கணவர் காலமாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன.

நான் முதலில் பார்த்தது பயாஸை. மெஷினை ஆன் செய்ததும் எஃப்2 விசையைத் தட்டினால் பெரும்பாலும் அந்தப் பக்கம் வரும். கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறலாம். அங்கே டிஸ்க்கின் பெயரும் 512 ஜிபி என்ற அளவும் பளிச்சென்று இருந்தன. பயாஸிலும் காணவில்லை என்றால்தான் டிஸ்க்கையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். பயாஸுக்குத் தெரிகிறது, விண்டோஸ் இன்ஸ்டாலருக்குத் தெரியவில்லை என்றால் நடுவில் ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த ஆள்தான் டிரைவர்.

ரயில்வேயில் இருந்தவனுக்கு இது எளிதில் புரியும். எஞ்சின் நன்றாக இருக்கும், டீசல் இருக்கும். ஆனால் அந்த செக்‌ஷனில் ரோடு லேர்னிங் முடித்த டிரைவர் வந்தால்தான் வண்டி நகரும். (இப்போது லோகோ பைலட் என்கிறார்கள். எனக்கு டிரைவர்தான்.) கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு உறுப்பையும் அறிந்த சிறு புரோகிராம் ஒன்று வேண்டும். விண்டோஸ் தன்னோடு பலரை அழைத்து வருகிறது, எல்லோரையும் அல்ல.

2020-க்குப் பிறகு வந்த, இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசஸரும் அதற்குப் பிந்தியவையும் உள்ள பல லேப்டாப்களில், டிஸ்க் வி.எம்.டி. என்ற ஏற்பாட்டின் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் இன்ஸ்டாலர், டிரைவ் எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். வேறொரு கம்ப்யூட்டரில், லேப்டாப்பின் அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திற்குப் போய், இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்ற டிரைவரை இறக்கி, பிரித்து, பென் டிரைவில் போட்டேன். பிரிப்பது அவசியம். உள்ளே ஐ.என்.எஃப். என்று முடியும் கோப்பு கிடைக்காவிட்டால் இன்ஸ்டாலர் ஏற்காது. பிறகு 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டியதும் டிஸ்க் வந்துவிட்டது. டீச்சர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உண்மையில் ஆபத்து இதற்குப் பிறகுதான். திரையில் டிஸ்க்கின் பகுதிகள் வரிசையாக வருகின்றன. சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. அளவை வைத்துத்தான் அடையாளம் காணவேண்டும். அவருடையதில் பெரிய பகுதி டி. அதைத் தொடவே இல்லை. பழைய விண்டோஸ் இருந்த பகுதியையும் ஃபார்மட் செய்யாமலே தேர்ந்தெடுத்தேன். அப்படிச் செய்தால் பழைய கோப்புகளை விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டரில் ஒதுக்கி வைத்துவிடும். எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு "சுத்தமாக" போடுவது கடைக்காரர்களின் வழக்கம். படங்கள் போவது அப்படித்தான்.

விண்டோஸ் 11 பாதி வழியில் இன்டர்நெட் கேட்கும். வை-ஃபை டிரைவரும் இல்லாவிட்டால் அங்கேயே சிக்கிக்கொள்வோம். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, போனில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை ஆன் செய்தால் போதும். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது.

எல்லாம் முடிந்த பின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் குறிகள் தெரியும். கோட் 28 என்றிருந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். உறுப்பு கெட்டதென்று அல்ல. பெயர் தெரியாத உறுப்பானால் அதன் பிராப்பர்டீஸில் ஹார்ட்வேர் ஐடி பாருங்கள். வென் என்பதை அடுத்து 8086 இருந்தால் இன்டெல், 1002 இருந்தால் ஏ.எம்.டி. (1978-ல் வந்த தன் 8086 பிராசஸரின் எண்ணையே இன்டெல் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது!) முதலில் சிப்செட், பிறகு நெட்வொர்க், அப்புறம் மற்றவை. எல்லா டிரைவர்களும் ஒரே பொட்டலத்தில் என்று விளம்பரம் செய்யும் தளங்களின் பக்கமே போகவேண்டாம்.

இரவு ஒன்பதரைக்கு டி டிரைவ் திறந்தது. கன்னியாகுமரியில் எடுத்த படம் முதலில் வந்தது. டீச்சர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால் பலரும் இந்த வேலையில் இறங்குகிறீர்கள் என்று அறிகிறேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெப்போசிட்டரி என்ற ஃபோல்டர் இருக்கிறது. உங்கள் டிரைவர்கள் அதில்தான் குடியிருக்கிறார்கள். அதை அப்படியே வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பின்னால் டிவைஸ் மேனேஜரில் டிரைவரைத் தேடச் சொல்லும்போது அந்த நகலைக் காட்டலாம். இரண்டாவது, டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் என்னாலும் திறக்க முடியாது.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்தில் இருப்பேன். வருபவர்கள் சார்ஜரும், 8 ஜிபிக்குக் குறையாத காலிப் பென் டிரைவ் ஒன்றும் மறக்காமல் கொண்டு வரவும்.