ஒரு குரலுள் பல சுரங்கள்

சுருதி சேர்த்த தம்புராவில் மந்தர சட்ஜத் தந்தியை மட்டும் மீட்டிக் கூர்ந்து கேட்டால், அதன் மேலே காந்தாரம் ஒன்று மெல்ல ஒலிக்கக் கேட்கலாம். இசை வல்லுநர் இதனைச் 'சுயம்பு காந்தாரம்' என்பர். எவரும் மீட்டாத சுரம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடை கண்டால், மேற்சுரப் பாடல் என்னும் வியத்தகு இசைமுறையும் நமக்கு விளங்கும்.

மேற்சுரம் என்பது யாது?

நொடிக்கு 100 அதிர்வுடைய சுரத்தை ஒருவர் பாடுங்கால், 200, 300, 400, 500 என அதன் மடங்குகளும் உடன் எழுகின்றன. முதலாவது அடிச்சுரம், ஏனையவை மேற்சுரங்கள். அடிச்சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டால் 2 மடங்கு மேல் சட்ஜம். 3 மடங்கு பஞ்சமம். 5 மடங்கு அந்தர காந்தாரம். தம்புராவில் நாம் கேட்டது இந்த ஐந்தாம் மடங்கே.

இவற்றை நாம் தனித்தனியே உணர்வதில்லை. அவை கலந்து குரலின் தன்மையாகிவிடுகின்றன. வாயின் வடிவம் சில மேற்சுரங்களை மிகுவிப்பதாலும் சிலவற்றைக் குறைப்பதாலுமே 'அ', 'இ' முதலிய உயிரொலிகள் வேறுபடுகின்றன. மேற்சுரப் பாடகர் அடிச்சுரத்தை அசையாது நிறுத்தி, நாவையும் இதழையும் நுட்பமாக இயக்கி, ஒரே ஒரு மேற்சுரத்தைக் குழலோசை போல் தெளிவாகக் கேட்கச் செய்கிறார். அவர் புதிதாக எதனையும் சேர்ப்பதில்லை, மறைந்திருப்பதை வெளிப்படுத்துகிறார்.

எங்கு வழங்குகிறது?

மங்கோலியாவிலும், தென் சைபீரியாவிலுள்ள துவாப் பகுதியிலும் இது 'கூமெய்' எனப்படும். காற்று, நீரோட்டம், பறவையொலி ஆகியவற்றோடு இயைந்து வாழும் மேய்ப்பர்களின் கலை இது. மங்கோலியக் கூமெய்யை யுனெஸ்கோ 2010இல் மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபெத்தியக் கியூத்தோ மடத்துத் துறவியர் மிகத் தாழ்ந்த குரலில் ஓதும்போதும் மேற்சுரம் தனித்துக் கேட்கும். அமெரிக்க அறிஞர் ஹஸ்டன் ஸ்மித் 1964இல் அதனை ஒலிப்பதிவு செய்தார். மேய்ப்பர்க்கு இது வாழ்வியல் கலை, துறவியர்க்கு வழிபாடு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

குழுவாகப் பாடுதல்

மேலைநாட்டில் இது குழு இசையாக மலர்ந்தது. செருமானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 1968இல் 'ஸ்டிம்முங்' என்னும் படைப்பை ஆறு குரல்களுக்கென இயற்றினார். ஓர் அடிச்சுரத்தின் 2, 3, 4, 5, 7, 9 ஆகிய மடங்குகளே ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அதில் ஒலிக்கின்றன. அத்தலைப்பிற்குச் சுருதி சேர்த்தல் என்றும் மனநிலை என்றும் இருபொருள் உண்டு. 1975இல் டேவிட் ஹைக்ஸ் நியூயார்க்கில் 'ஹார்மானிக் கொயர்' குழுவைத் தொடங்கினார். தென் பிரான்சிலுள்ள தோரொனே மடத்தின் பழைய கற்கோயிலில் அக்குழு பாடிய இசை 1983இல் வெளிவந்தது. கற்சுவர்களில் எதிரொலித்து நெடுநேரம் நிற்கும் ஒலியே அங்குப் பக்கவாத்தியமாயிற்று.

இதனைத் தியான இசை என்பது ஏன்? ஒருவர் 100 அதிர்வில் பாட, மற்றவர் 101இல் பாடுவதாகக் கொள்வோம். அடிச்சுரத்தில் வேறுபாடு ஒன்றே. எட்டாம் மடங்கிலோ 800க்கும் 808க்கும் இடையே எட்டாகப் பெருகி, ஒலி நடுங்கும். ஆதலின் ஒவ்வொருவரும் பாடுவதினும் மிகுதியாகக் கேட்டல் வேண்டும். தன் குரலை உயர்த்துபவர் பிறர் குரலோடு தம் மேற்சுரத்தையும் இழப்பர். அடக்கமே இங்கு இலக்கணம். இடையறாத கவனமே தியானம். இவ்விசை நோய்களைத் தீர்க்கும் என்பாரும் உளர். அதனை ஆராயாது ஏற்றல் வேண்டா. ஒருவர் பேசும்போது மற்றவர் செவிகொடுத்தல் அரிதாகிவரும் இல்லங்களில், கேட்கப் பழகுதலே போதிய பயன் அன்றோ?

பயிற்சி

1. குடும்பத்தார் வட்டமாக அமர்ந்து, தாழ்ந்த ஒரே சுருதியில் 'உ' எனத் தொடங்கி, மூச்சு முடியுமுன் மெல்ல 'இ' என மாறுக. தொண்டையை வருத்த வேண்டா.
2. ஒலி நின்றபின் ஒரு நிமிடம் அமைதி காத்து, கேட்டதைச் சிறுவர் முதலில் கூறுக.
3. அடிச்சுரம் நொடிக்கு 120 அதிர்வாயின், அந்தர காந்தாரம் எத்தனை அதிர்வில் எழும்? சிறுவர் கணக்கிட்டுக் கூறட்டும்.