முட்டைப் பெட்டியும் செப்புப் பலகையும்

படுவான்கரையில் கோழி வளர்க்கும் தாய் ஒருவர் சென்ற மாரியில் அடைவைத்த நாற்பது முட்டைகளும் கூழாகிப் போயின. பெட்டியில் குறையில்லை. மின்குமிழும் நன்றாகவே எரிந்தது. வெப்பத்தை அளந்து குமிழை ஏற்றியும் அணைத்தும் வைக்கும் சிறு பலகை மட்டுமே பழுது. அதை நகரிலுள்ள கடையொன்றுக்குக் கொண்டுபோனார். "அம்மா, இதற்குப் பாகம் தனியாக வராது, பெட்டியைத்தான் மாற்றவேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 2007 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கடன்பட்டுத் தொடங்கிய குடும்பம் அது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகைக்காக மறுபடியும் கடனா?

கோழிமுட்டை பொரிக்க 21 நாட்கள் வேண்டும். பெட்டியினுள் வெப்பம் ஏறத்தாழ முப்பத்தேழரைப் பாகை சென்ரிகிறேட்டில் நிற்கவேண்டும். ஆயத்தப் பலகையைத் தபாலில் எடுக்கலாம்தான். ஆனால் அது வந்து சேரும்வரை முட்டை காத்திருக்காது. அன்றைக்கே, அந்த ஊரிலேயே, ஒரேயொரு பலகை செய்ய முடியுமா என்பதுதான் இப்பாடத்தில் நாம் பார்க்கப்போவது. முடியும். அதற்கு ஒரு வழி, கணனியின் சொற்படி செதுக்கும் சிறிய மில்லிங் மெசின்.

முதலில் பலகையை அறிந்துகொள்வோம். பழுதான றேடியோ ஒன்றைத் திறந்தால் உள்ளே பச்சை அல்லது மண்ணிறப் பலகை தெரியும். அதுவே மின்சுற்றுப் பலகை. அதன் ஒரு பக்கத்தில் பாகங்கள் இருக்கும். மறு பக்கத்தில் மெல்லிய செப்புக் கோடுகள் ஓடும். முற்காலத்தில் வயர்கள் செய்த வேலையை இக்கோடுகள் செய்கின்றன. கடையில் வாங்கும் வெறும் பலகையின் முகம் முழுவதும் செப்பு பூசப்பட்டிருக்கும். பலகை பெரும்பாலும் 1.6 மில்லிமீற்றர் தடிப்பு, செப்பு 0.035 மில்லிமீற்றர் மட்டுமே. அந்தச் செப்பில் வேண்டிய கோடுகளை விட்டு மற்றவற்றைப் பிரித்துவிட்டால் சுற்று ஆயத்தம்.

பிரிப்பதற்குப் பழைய வழி திராவகம். கோடுகளை மையால் மூடி, பெரிக் குளோரைட்டுக் கரைசலில் பலகையை அமிழ்த்தினால் மூடாத செப்பு கரைந்துபோகும். மலிவான வழிதான். ஆனால் எஞ்சும் கரைசலில் செப்பு நிறைந்திருக்கும். மீனுக்கும் இறாலுக்கும் அது நஞ்சு. வாவிக் கரையில் குடியிருக்கும் நாம் அதை எங்கே ஊற்றுவது? கிணற்றடியிலும் ஊற்ற இயலாது, தோணாவிலும் ஊற்ற இயலாது. என்னைக் கேட்டால், கழிவை முறையாகக் கையளிக்க வழியில்லாத வீட்டில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது.

செதுக்கும் மெசினுக்குத் திராவகம் வேண்டாம். மேசையில் வைக்கக்கூடிய பெட்டி போன்ற இயந்திரம் அது. 0.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு வெட்டுமுனை வேகமாகச் சுழன்றபடி, கணனி காட்டும் பாதையில் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நகரும். ஒவ்வொரு செப்புக் கோட்டையும் சுற்றி ஒரு நுண்ணிய பள்ளத்தை வெட்டிச் செல்லும். வயலில் வாய்க்கால் வெட்டினால் வெட்டிய இடத்தால் தண்ணீர் ஓடும். இங்கே மறுதலை: வெட்டிய இடத்தால் மின் ஓடாது. ஆகவே இந்தப் பள்ளத்தை வாய்க்கால் என்று எண்ணாமல் வரம்பு என்று எண்ணுங்கள். வரம்புக்கு இப்பாலுள்ள மின் அப்பால் போகாது.

இதெல்லாம் பட்டணத்துப் பொறியியலாளருக்குரியது என்று நினைக்கவேண்டாம். இந்தியாவின் புனே மாவட்டத்தில் பாபல் என்றொரு ஊர் உண்டு. மழை குறைந்த, விவசாயிகளின் ஊர். கலாநிதி எஸ். எஸ். கல்பாக் என்பவர் பெரிய நிறுவனமொன்றின் ஆராய்ச்சிப் பணியை விட்டு வந்து, 1983 இல் அங்கே விஞ்ஞான ஆச்சிரமத்தைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் அங்கே பயிர், கால்நடை, இரும்பு வேலை, மின்வேலை எல்லாவற்றையும் கையால் செய்து படித்தார்கள். 2002 இல், அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துப் பேராசிரியர் நீல் கெர்சன்பீல்டின் குழுவுடன் சேர்ந்து, "பாப் லாப்" எனப்படும் செய்கூடம் ஒன்று அங்கே அமைந்தது. அமெரிக்காவுக்கு வெளியே எழுந்த முதற் கூடங்களுள் அதுவும் ஒன்று. இத்தகைய கூடங்களின் வழமையான கருவிகளில், சுற்றுப் பலகை செதுக்கும் இச்சிறு மெசினும் அடங்கும். கல்பாக் 2003 இல் காலமானார். கூடம் நிற்கவில்லை.

இனி வேலைமுறை. சுற்றின் படத்தைக் கணனியில் வரையவேண்டும். கிக்காட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. படத்தைப் பாதையாக மாற்றி மெசினுக்குக் கொடுப்பதற்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. இதைப் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள், நான் நீட்டவில்லை.

கைப்பழக்கம் வேண்டியது பலகையை மெசினில் பதிப்பதில்தான். மெசினின் தட்டில் ஒரு கழிவுப் பலகையைப் பொருத்தி, அதன்மேல் இருபக்கமும் ஒட்டும் ரேப்பினால் செப்புப் பலகையை ஒட்டவேண்டும். ரேப் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ, அடியில் தூசு இருந்தாலோ பலகை ஒரு பக்கம் உயர்ந்துவிடும். வயலை மட்டப்படுத்தாமல் தண்ணீர் கட்டினால் என்ன நடக்கும்? ஒரு மூலையில் முழங்காலளவு நிற்கும், மறு மூலை காய்ந்து கிடக்கும். இங்கும் அப்படியே. வெட்டும் ஆழம் 0.1 மில்லிமீற்றர் அளவுதான். பலகை சிறிது சரிந்திருந்தாலும் ஒரு பக்கம் ஆழமாக வெட்டும், மறு பக்கம் செப்பைத் தொடவே மாட்டாது. முதற் பலகைகள் கெடுவது பெரும்பாலும் இதனாலேயே. மெசினைக் குறை சொல்லமுன் ரேப்பைப் பாருங்கள்.

அடுத்து, வெட்டுமுனையை மெல்ல இறக்கி, செப்பை முட்டும் இடத்தில் பிடித்து இறுக்கவேண்டும். அந்த உயரமே பூச்சியம். முனை தலைமயிர்போல் மென்மையானது. விரல் நுனியால் தாங்கி இறக்குங்கள், கைதவறி விழுந்தால் முறிந்துபோகும். கோடுகள் முடிந்ததும் 0.8 மில்லிமீற்றர் முனையை மாட்டித் துளைகளையும் பலகையின் விளிம்பையும் வெட்டலாம். விளிம்பை ஒரே தடவையில் வெட்டாமல் அரை மில்லிமீற்றராகப் பலமுறை இறக்குவது நல்லது. பின்னர் பலகையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, அடுத்தடுத்த கோடுகளிடையே மின் பாய்கிறதா என மீற்றரால் சோதித்து, அதன்பிறகே பாகங்களைப் பற்றாசு பிடிக்கவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். கண்ணாடி நார் கலந்த பலகையைச் செதுக்கினால் எழும் தூசு நுரையீரலைக் கெடுக்கும், முனையையும் விரைவில் மழுக்கும். ஆகவே கடதாசியும் பிசினும் சேர்த்துச் செய்த பலகையையே வாங்குங்கள். அதன் தூசும் நல்லதல்ல. முகக்கவசம் அணிந்து, தூசை ஊதாமல் உறிஞ்சி எடுக்கவேண்டும். பிள்ளைகள் உறங்கும் அறையில் மெசின் வேண்டவே வேண்டாம். மற்றது, 230 வோற்று மின்னை இந்த நுண்ணிய பள்ளங்களை நம்பி விடாதீர்கள். எமது பலகையில் 5 அல்லது 12 வோற்று மட்டும் ஓடட்டும். குமிழுக்குப் போகும் வீட்டு மின்னை, அதற்கென ஆயத்தமாக விற்கப்படும் றிலே ஒன்றின் வழியாக மட்டும் இணைத்து, அந்த இணைப்பை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள்.

மெசின் வாங்கவேண்டுமா என்று சங்கங்களில் கேட்பார்கள். ஒரே மாதிரியான நூறு பலகை வேண்டுமென்றால் தொழிற்சாலைக்கு அனுப்பிச் செய்விப்பதே மலிவு. ஒன்றிரண்டு, உடனே, அளவு மாற்றி மாற்றி வேண்டும்போதே இம்மெசின் பயன்தரும். ஒரு குடும்பம் இதற்காகக் கடன்படுவதை நான் ஏற்கமாட்டேன். பல சங்கங்கள் சேர்ந்து ஒன்றை வைத்திருக்கலாம். அதற்கும் முன்னர் பற்றாசு பிடிக்கவும் மீற்றர் பார்க்கவும் தெரிந்த நாலுபேர் ஊரில் இருக்கவேண்டும். அவர்கள் இல்லாத இடத்தில் மெசின் வந்தால் அதன்மேல் துணி போர்த்தி மூலையில் வைப்போம். தையல் மெசின்களுக்கு நேர்ந்ததைக் கண்டிருக்கிறோம் அல்லவா?

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பயிற்சி. பழுதான றேடியோ ஒன்றையோ ரோர்ச் ஒன்றையோ, பற்றறியைக் கழற்றிவிட்டுத் திறவுங்கள். பலகையைத் திருப்பி, பற்றறியின் நேர் முனையிலிருந்து தொடங்கும் செப்புக் கோட்டைப் பென்சிலால் கடதாசியில் வரைந்துகொண்டே போங்கள். எங்கே பிரிகிறது, எந்தப் பாகத்தில் முடிகிறது, எங்கே அறுந்து கிடக்கிறது என்று குறியுங்கள். வரைந்த தாளையும் பலகையையும் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.