தடிமனுக்கு மருந்து வாங்கும்போது: பெயர் வேறு, மருந்து ஒன்று

மாரி தொடங்கியதும் தடிமனும் இருமலும் வீட்டுக்கு வீடு வரும். தகரக் கொட்டிலிலோ கூரை வேலை முடியாத வீட்டிலோ இருக்கும் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூட. ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் பலரும் முதலில் சந்தியிலுள்ள பாமசிக்கோ பலசரக்குக் கடைக்கோதான் போவார்கள். அங்கே எதைக் கேட்டு வாங்குவது, எதை வாங்காமல் விடுவது, எப்போது நேரே ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மருந்து செய்வதும் செய்யாததும்

தடிமன் வைரஸ் கிருமியால் வருவது. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களுக்குள் தானாகவே மாறிவிடும். கடையில் வாங்கும் மருந்து தலையிடி, உடம்பு உளைவு, மூக்கால் ஓடுதல் போன்றவற்றைக் குறைக்குமே தவிர, தடிமனை விரைவாக மாற்றாது. ஆகவே விலை கூடிய மருந்துதான் நல்லது என்று நினைத்துக் கடன்பட வேண்டியதில்லை.

அமொக்சிசிலின் போன்ற அன்டிபயோட்டிக் மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்யாது. அவை மருத்துவரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள். கடைக்காரர் தந்தாலும் வாங்க வேண்டாம். முன்பு ஒரு பிள்ளைக்குத் தந்ததில் மிஞ்சியதை மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

பெயர் வேறு, மருந்து ஒன்று

பரசிற்றமோல் என்பது ஒரு மருந்தின் பெயர். அதையே இங்கே ‘பனடோல்’ என்ற பெயரில் வாங்குகிறோம். இந்தியாவிலிருந்து திரும்பியவர்களின் பையில் ‘குரோசின்’, ‘டோலோ 650’ என்ற பெயர்களில் இருக்கும். ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் போட்டுத் தருவதும் இதுதான். தடிமனுக்கென்று விற்கும் பல கலப்புக் குளிசைகளுக்குள்ளும் இது இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் ஆஸ்பத்திரியில் தந்த 500 மில்லிகிராம் பரசிற்றமோலில் இரண்டு வீதம் மூன்று வேளை எடுக்கிறார். அது 3000 மில்லிகிராம். தடிமன் குறையவில்லை என்று கடையில் வாங்கிய கலப்புக் குளிசையையும் இரண்டு வீதம் மூன்று வேளை போடுகிறார். அதிலும் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இருந்தால் மொத்தம் 6000. வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 4000 மில்லிகிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல், போகக் கூடாது. உடல் மெலிந்தவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இதிலும் குறைவு. அளவு மிஞ்சினால் ஈரல் பழுதடையும். முதல் நாளில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். அதனால் அளவு கூடிவிட்டது என்று தெரிந்தவுடனே, சுகமாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். அதைப் பாருங்கள். வாசிக்கச் சிரமமென்றால் மருந்தாளரிடம் கேளுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

• “இதுக்குள்ள பரசிற்றமோல் இருக்கோ?”
• “இது நித்திரை வருமோ?” மூக்கால் ஓடுவதற்குத் தரும் குளோபெனிரமின் குளிசை நித்திரைத் தூக்கம் தரும். அதைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளோ உழவு இயந்திரமோ ஓட்ட வேண்டாம்.
• “எனக்கு பிரஷர் இருக்கு, இது போடலாமோ?” மூக்கடைப்புக்கான சில மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தங்கள் நிலையைச் சொல்லியே வாங்க வேண்டும்.
• “காலாவதித் திகதி என்ன?” குளிசையை அட்டையிலிருந்து வெட்டித் தந்தால் பெயரும் திகதியும் போய்விடும். பெயர், அளவு, திகதி மூன்றையும் உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இருமல் பாணியோ தடிமன் மருந்தோ மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். காய்ச்சலுக்குரிய பரசிற்றமோல் பாணியின் அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. கிளினிக் அட்டையைக் கடைக்குக் கொண்டு போங்கள். பாணியும் துளி மருந்தும் ஒரே செறிவு அல்ல. பாணியின் அளவில் துளி மருந்தைக் கொடுத்தால் பல மடங்கு கூடிவிடும். சமையலறைக் கரண்டியால் அளக்காமல், போத்தலுடன் வரும் அளவுக் கரண்டியையே பாவியுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்கு இஞ்சி போட்ட கொத்தமல்லி அவியலும் இளஞ்சூட்டு நீரும் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

எல்லாக் காய்ச்சலும் தடிமன் அல்ல

டெங்கும் எலிக்காய்ச்சலும் தொடக்கத்தில் காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு என்றே வரும். டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்றவை இரத்தக்கசிவை ஏற்படுத்தலாம். என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பரசிற்றமோலைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம். டெங்கில் காய்ச்சல் விட்டபின்தான் ஆபத்தான கட்டம் வருவதுண்டு. காய்ச்சல் விட்டும் ஆள் சோர்ந்து கிடந்தால் கவனம்.

வயலில் இறங்கியவர்கள், வெள்ளத்தில் நடந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் அதையும் சொல்லுங்கள். மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

• காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால்
• மூச்சு விடக் கஷ்டமென்றால், பிள்ளையின் நெஞ்சு உள்ளிழுத்தால்
• விடாத வயிற்று நோ, வாந்தி, இரத்தக்கசிவு, சலம் குறைதல் இருந்தால்
• பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால்
• மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்
• இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் (காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரச மருத்துவமனைகளில் இலவசம்)

செய்து பாருங்கள்

இன்று வீட்டிலுள்ள மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்புங்கள். பரசிற்றமோல் உள்ளவற்றை ஒரு பக்கம் சேருங்கள். பெயரோ திகதியோ தெரியாதவற்றைப் புறம்பாக எடுத்து, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள். மிகுதியைப் பிள்ளைகளுக்கு எட்டாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.