‘எனர்வேட்’: உரம் தருமா, உரம் பறிக்குமா?

ஆங்கிலம் பயிலும் நம்மைத் தோற்றத்தால் மயக்கும் சொற்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று ‘எனர்வேட்’ என்னும் வினைச்சொல். இதைக் கேட்டவுடன் ‘எனர்ஜி’ நினைவுக்கு வருவதால், ‘ஊக்கமூட்டுதல்’ என்று பலர் பொருள் கொள்வதுண்டு. உண்மைப் பொருளோ அதற்கு நேர்மாறானது: வலிமையைப் போக்கிச் சோர்வடையச் செய்தல்.

ஆண்டு விழாவில் உரையாற்றிய விருந்தினருக்கு நாம் நன்றிக் கடிதம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘யுவர் ஸ்பீச் எனர்வேட்டட் அஸ்’ என்று எழுதினால், ‘உங்கள் பேச்சால் துவண்டு போனோம்’ என்றல்லவா அவர் படிப்பார்! அங்கே வேண்டிய சொல் ‘எனர்ஜைஸ்டு’.

இவ்விரு சொற்களுக்கும் உறவே இல்லை. ‘எனர்ஜி’ கிரேக்க வழியில் வந்தது; ‘எர்கோன்’ என்றால் அம்மொழியில் செயல். ‘எனர்வேட்’ இலத்தீன் வழியில் வந்தது. அம்மொழியில் ‘நெர்வுஸ்’ என்பது தசைநாணைக் குறிக்கும். வில்லின் நாணையும் குறிக்கும். தமிழிலும் இரண்டும் நாண்தானே! முன்னுள்ள ‘எ’ நீக்குதலைக் காட்டுகிறது. நாணை எடுத்துவிட்டால் வில்லுக்கு ஏது வலிமை? இதை மனத்தில் இருத்தினால் பொருள் மறக்காது.

இனி, இதைப் பயன்படுத்தும் முறையைக் காண்போம். தமிழில் ‘சோர்ந்தாள்’ என்பது தன்வினை. ‘சோர்வித்தது’ என்பது பிறவினை. ‘எனர்வேட்’ இன்று பிறவினையாகவே வழங்குகிறது. ஆதலால் ‘ஷி எனர்வேட்டட்’ என்று நிறுத்துவது பிழை. ‘தி ஹீட் எனர்வேட்டட் ஹெர்’ அல்லது ‘ஷி வாஸ் எனர்வேட்டட் பை தி ஹீட்’ என்பதே சரி. ‘வீக்கன்’ என்னும் சொல்லோ இருவகையிலும் வரும்: ‘தி ஸ்டார்ம் வீக்கன்டு’ என்றால் புயல் வலுவிழந்தது, ‘ஃபீவர் வீக்கன்டு ஹிம்’ என்றால் காய்ச்சல் அவனை வலுவிழக்கச் செய்தது. கயிறு, சுவர் போன்ற பொருள்கள் வலுவிழப்பதற்கும் ‘வீக்கன்’ என்பதே பொருந்தும்.

சொல்லும்போது முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பயிற்சிக்கு இரண்டு வாக்கியங்கள்: நீண்ட காய்ச்சல் அவளைத் துவளச் செய்தது, காலை நடை அவளுக்கு ஊக்கம் தந்தது. எதற்கு ‘எனர்வேட்டட்’, எதற்கு ‘எனர்ஜைஸ்டு’? ஆங்கிலத்தில் எழுதி, அகராதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓசையை மட்டும் நம்பாமல் சொல்லின் பிறப்பையும் அறிந்து எழுதினால், நாம் கூறும் நன்றி நன்றியாகவே போய்ச் சேரும்.